கொலையாளியை மாற்றியவர்

மருந்துக்கடைக்காரர் காலையில் மாத்திரை விற்பார். கூட்டம் குறைகிற மத்தியான வேளையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கொலை செய்வார். வாரப் பத்திரிகையில் அவர் எழுதும் துப்பறியும் தொடர்கள் என்றால் அந்த வட்டாரத்துக்கே உயிர். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வருகிறவர்கள்கூட, அதைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்பதை மறந்துவிட்டு, "டிரைவர்தானே சார் செஞ்சது?" என்பார்கள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார். ஊரே தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் அவருக்கு ஒரு தனி ருசி.

அடுத்த தொடரைக் கேட்டு ஆசிரியர் நச்சரித்தபோது அவரிடம் கதை எதுவும் இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது பக்கத்துத் தெருத் தையல்காரரின் சாவு. முந்தைய வருடம் பட்டப்பகலில் கடைக்குள்ளேயே யாரோ அவரைக் கத்தரிக்கோலால் குத்திவிட்டுப் போயிருந்தார்கள். போலீஸ் வந்தது, விசாரித்தது, போனது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்று கூட்டத்தோடு கூட்டமாக எட்டிப் பார்த்தவர்களில் மருந்துக்கடைக்காரரும் ஒருவர். தையல்காரரின் மனைவி அழவில்லை. கீழே சரிந்து கிடந்த சட்டைகளையும் தைக்க வந்த துணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடித்து, அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சி அவர் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

தையல்காரரைக் கடிகாரம் பழுது பார்ப்பவராக்கினார். கத்தரிக்கோலைத் திருப்புளியாக்கினார். மனைவி மட்டும் அப்படியே வந்தாள். புருஷன் பிணமாகக் கிடக்க, கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல், கடிகாரங்களைத் துடைத்து அடுக்குகிற மனைவி. கடைசி அத்தியாயத்தில் மாட்டப்போவதும் அவள்தான் என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டார். அந்தப் பெண் மேல் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. கதை கேட்டது, கொடுத்தார்.

எழுதிய பக்கங்களைப் படித்த அவர் மனைவி, "ஏங்க, இது அந்த அம்மாதானே? வேண்டாமே" என்றாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டார்.

எல்லோருக்கும் தெரிந்தது. தொடர் பிய்த்துக்கொண்டு போனது. மருந்து வாங்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்தி, பொண்டாட்டிதானே, நாங்கள் அன்றைக்கே நினைத்தோம் என்றார்கள். அன்றைக்கே என்ற அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்.

தையல்காரரின் மனைவி இரத்த அழுத்த மாத்திரை வாங்க எப்போதும் வருகிறவள்தான். அந்த முறை மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு அருகில் வந்தாள்.

"தொடர் படிக்கிறேன் அண்ணா."

எல்லாம் கற்பனைதான் என்று அவர் ஆரம்பித்தார். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"கடிகாரம்னு எழுதியிருக்கீங்க. நான் துணி மடிச்சேன்."

அவர் மாத்திரைகளை எடுத்து உறையில் போட ஆரம்பித்தார்.

"அதெல்லாம் ஊரார் துணி. ரத்தம் பட்டுட்டா அவரு எல்லாருக்கும் என்ன பதில் சொல்வாருன்னு பதறிட்டேன். பதில் சொல்ல அவரு இல்லைங்கறது அப்ப மண்டையில ஏறல."

அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். புருஷனுக்குப் பிறகு கடையை அவளே நடத்திவந்தாள். தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து தைக்கக் கொடுத்தவர்கள் வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிப்போவதையும், மைத்துனர் வீட்டில் அவளை உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே பேசி அனுப்பியதையும், பஸ் வரத் தாமதமானதைச் சொல்வதுபோல் சொன்னாள். முன்பெல்லாம் கொலைக் கதை என்றாலே அவளுக்கு ஆகாது. புருஷன் போன பிறகு வாடகைப் புத்தகக் கடையில் தேடித்தேடி எடுத்துப் படிக்கிறாளாம்.

"கதையில கடைசியில யாருன்னு சொல்லிடறாங்க. படிச்சு முடிச்ச அன்னிக்கு மட்டும் நல்லாத் தூக்கம் வருது. நீங்களும் சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்லிடுவேம்மா" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மீதி அத்தியாயங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். திருட்டுக் கடிகாரத்தை விற்க வந்த ஒருவன், பேச்சு முற்றி, கையில் கிடைத்ததை எடுத்துக் குத்திவிட்டான் என்று முடித்தார். ஆசிரியர் போனில் சலித்துக்கொண்டார். இத்தனை வாரம் மனைவியைக் காட்டிவிட்டு வழியே போனவனைப் பிடித்தால் வாசகர்கள் அடிக்க வருவார்கள் என்றார். மருந்துக்கடைக்காரர் அசையவில்லை. அந்தப் பெண் கடிகாரங்களை ஏன் அடுக்கினாள் என்பதைத் துப்பறிபவரின் வாயால் ஒரு பக்கத்துக்குச் சொல்லவைத்தார். அவர் எழுதியதிலேயே மனதாரச் செய்த பக்கம் அது.

பத்திரிகை வந்தபோது அந்தப் பக்கம் இல்லை. விளம்பரம் ஒன்று வந்துவிட்டதால் வெட்ட வேண்டியதாகிவிட்டது, கதைக்கு அது தேவையும் இல்லையே என்றார் ஆசிரியர்.

முடிவு சப்பென்று இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அதற்குக் காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்: அந்த அம்மா வந்து அழுதிருப்பாள், இவர் பாவம் பார்த்து ஆளை மாற்றிவிட்டார். முன்பு சந்தேகப்படாதவர்கள்கூட இப்போது சந்தேகப்பட்டார்கள். இல்லை, அவள் அழவே இல்லை என்று ஒருவரிடம் சொல்ல வாயெடுத்தார். அதுவும் அவளுக்கு எதிராகத்தான் போகும் என்று உறைத்து, விழுங்கிக்கொண்டார்.

அவள் மறுபடியும் மாத்திரைக்கு வந்தாள்.

"படிச்சேன். யாரோ ஒருத்தன்னு தெரிஞ்சதே நிம்மதியா இருந்தது" என்றாள். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டே, "முதல்ல என்னைத்தானே நினைச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

பொய்யை மெய்போல் சொல்வதுதான் அவர் தொழிலில் பாதி. அன்று பொய் வரவில்லை.

"ஆமாம்மா."

அவள் தலையாட்டினாள். இனிமேல் எழுதப்போவதில்லை என்றார் அவர். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார்.

"ஏன் நிறுத்தணும்? எழுதுங்க. நான் படிப்பேன்" என்றாள். "வீட்டுப் பக்கமா இல்லாம, வேற எங்கேயாவது நடக்கிற மாதிரி எழுதுங்க."

சில மாதங்களில் தையல் கடை மூடிக்கிடந்தது. வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டாள் என்று தபால்காரர் சொன்னார். மருந்துக்கடைக்காரர் தொடர் எழுதுவதை விடவில்லை. விட முடியவில்லை. ஒவ்வொன்றும் முடியும்போது அவள் எங்கேயாவது உட்கார்ந்து படித்திருப்பாளா என்று நினைப்பார்.

இப்போதும் கடையில் யாராவது பேச்சோடு பேச்சாக, நிஜத்தில் தையல்காரர் பொண்டாட்டிதானே சார் என்று இழுப்பார்கள். அவர் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, அந்த அம்மா இல்லை என்பார். சத்தமாகவே சொல்வார். அவர்கள் நம்பினாற்போல் தலையை ஆட்டிவிட்டு, ஆவலாக முன்னால் சாய்ந்து கேட்பார்கள்:

"அப்ப யாரு சார்?"