ஒரு வாளி சோறு

குவைத்திலிருந்து திரும்பி வந்த சிசிலியை முதல் நான்கு நாள் வீட்டில் யாரும் ஒரு வேலையும் செய்யவிடவில்லை.

ஒன்பது வருடம். அவள் அங்கே வீட்டு வேலைக்குப் போகும்போது மகள் ஷிராணிக்கு ஏழு வயது. நடுவில் ஒரே ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வந்துவிட்டுப் போனாள். இப்போது ஷிராணிக்குப் பதினாறு. இன்னும் இரண்டு வாரத்தில் ஓ.எல். பரீட்சை. கணவன் அந்தோனிமுத்து முன்பு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன். சிசிலி அனுப்பியதை வைத்து, டயகமவுக்கு மேலே தோட்டம் கைவிட்ட ஒரு மலையோரத்தில் வீட்டையும் மாட்டுப்பட்டியையும் கட்டினான். பட்டியில் ஆறு மாடுகள். அதில் ஒன்றைக்கூட சிசிலி அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. போனில் காட்டுவார்கள். இருட்டுப் பட்டிக்குள் ஒரு முகம் தெரியும், நாக்கு தெரியும், அப்புறம் சிக்னல் போய்விடும்.

காலை ஐந்தரைக்கெல்லாம் ஷிராணி எழுந்து அடுப்பு மூட்டிவிடுவாள். அதே நேரத்துக்கு சிசிலிக்கும் விழிப்பு வந்துவிடும். போய் அடுப்படிப் பலகையில் உட்காருவாள். ஷிராணி மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்து, தட்டி, ரொட்டிக் கல்லில் போடுவாள். அந்தோனிமுத்து பால் கறந்துவிட்டு வாளியோடு உள்ளே வருவான். ஷிராணி திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி வடிகட்டும் துணியை எடுத்துக் கொடுப்பாள். அவன் கேனில் ஊற்றி முடிக்கவும் அவள் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டவும் சரியாக இருக்கும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விறகு எடுக்க வரும்போது மட்டும் ஷிராணி, "அம்மா, கால கொஞ்சம் எடுத்துக்குங்க" என்பாள்.

போனில் பேசியபோதெல்லாம் அவள் அம்மாவை 'நீ' என்றுதான் சொல்வாள். வந்து இறங்கிய அன்றிலிருந்து 'நீங்க'. சிசிலி அதைக் கவனித்தாள். வருத்தமாக இருக்க வேண்டும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வருத்தமாக இல்லை.

ஏர்போர்ட்டில் அந்தோனிமுத்துதான் அழுதான். அவள் அழவில்லை. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா பார்க்க வந்தாள். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அவளையே உற்றுப் பார்த்தாள்.

"ஏன் புள்ள, அழுகையே வரலியா ஒனக்கு? எனக்கே வருது."

"வரல அக்கா."

"களைப்பாத்தான் இருக்கும். தூங்குனா சரியாயிரும்."

தூக்கமும் வரவில்லை. குவைத்தில் கடைசி நாள், வேலை செய்த வீட்டுச் சின்னப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். நாற்பது நாள் குழந்தையாக அவள் கையில் கொடுக்கப்பட்டவன். ஆறு வயதுவரை அவள் பக்கத்தில்தான் படுத்தான். "எழுப்பாதே, அழுது ஊரைக் கூட்டுவான்" என்று மேடம் சொன்னாள். சிசிலி பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினாள். அந்த லிஃப்டில் அவளுக்குள் ஏதோ நின்றுபோயிற்று. அப்புறம் கொழும்பு, ஹட்டன், டயகம எல்லாம் கண்ணாடிக்கு வெளியே போவதுபோலப் போயின. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல அவ்வப்போது ஒன்றை நினைத்துப் பார்ப்பாள். என் வீடு. என் புருசன். என் புள்ள. ஒன்றும் வராது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. ஷிராணிக்கு அக்கரபத்தனையில் கடைசி வகுப்பு இருந்தது. பையை மாட்டிக்கொண்டு நின்றவளிடம் சிசிலி சொன்னாள்:

"பகலுக்கு நான் ஆக்குறேன்."

"வேணாம்மா. நீங்க சும்மா இருங்க. நான் வந்து ஆக்கிர்றேன்."

"இல்ல, நான் ஆக்குறேன்."

ஷிராணி அப்பாவைப் பார்த்தாள். "ஆக்கட்டுமே" என்றான் அவன். ஷிராணி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினாள். அரிசி, பருப்பு, நெத்தலி. "அப்பாவுக்கு வயித்துப் புண்ணு. மொளகாய கொறைச்சுப் போடுங்க." பரணில் இருந்த பெரிய சட்டியைக் காட்டி, அது பெருநாளைக்கு மட்டும் என்றாள். போய்விட்டாள்.

சிசிலி பரணிலிருந்து பெரிய சட்டியைத்தான் இறக்கினாள். எதற்கு என்று யோசிக்கவில்லை. குவைத்தில் அந்த வீட்டில் பதினான்கு பேர். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் கூடுதல். கை தானாகவே அளவுச் சுண்டால் அரிசியை அள்ளி அள்ளிப் போட்டது. அரிசியைக் கழுவினாள். உலை வைத்தாள். கோவாவை இலை இலையாக நறுக்கிச் சுண்டினாள். பருப்பில் ரம்பை இலையைக் கிள்ளிப் போட்டாள். நெத்தலியைப் பொரித்தாள். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. வேலை நடக்கும்போது மட்டும் உடம்பு லேசாக இருந்தது.

அந்தோனிமுத்து வந்து சட்டிக்குள் பார்த்தான். தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். "ருசியா இருக்கு" என்றான். மூன்று மணிக்கு வந்த ஷிராணி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இம்புட்டா? யார் வர்றாங்க?" என்று கேட்டாள்.

சாப்பாடு முடிந்த பிறகும் சட்டியில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. அங்கே மிச்சத்தைக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போடச் சொல்வார்கள். ஒன்பது வருடம் போட்டாள். இங்கே போட அவளுக்கு மனம் இல்லை. சோற்றை வாளியில் கொட்டினாள். கழனித் தண்ணியை ஊற்றிப் பிசைந்தாள். வாளி நிறைந்தது. பட்டியில் முதல் மாடு ரோசி. வெள்ளையும் கறுப்புமாக, ஏழு மாதச் சினை. மற்ற மாடுகள் அவளைக் கண்டால் காலை உதறும். ரோசி மட்டும் முகர்ந்து பார்க்கும். அதன் தொட்டியில் கொட்டினாள். அது தலையை நிமிர்த்தாமல் கடைசிப் பருக்கைவரை தின்றது. சிசிலி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை ரோசி எழுந்திருக்கவில்லை. இடது பக்கம் வயிறு வீங்கிக் கல்லாக இருந்தது. பல்லைக் கடித்து முனகியது. வாயிலிருந்து புளித்த வாடை. அந்தோனிமுத்து தொட்டியைப் பார்த்தான். ஓரத்தில் சில பருக்கைகள் ஒட்டியிருந்தன. அவன் போனை எடுத்து மாட்டு டாக்டருக்கு அடித்தான்.

டாக்டர் ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்ன தின்றது என்று சிங்களத்தில் கேட்டார். அந்தோனிமுத்து தயங்கினான்.

"நான்தான் சோறு வச்சேன்" என்றாள் சிசிலி. "ஒரு வாளி."

அவன் அதைச் சிங்களத்தில் சொன்னான். டாக்டர் அவளை ஒரு தடவை பார்த்தார். பழக்கமில்லாத மாட்டுக்கு அவ்வளவு சோறு போனால் வயிற்றுக்குள் புளித்து விஷமாகிவிடும் என்றார். குழாயை விட்டு அப்பச்சோடாத் தண்ணியை இறக்கினார். ஊசி இரண்டு போட்டார். நான்கு பேராக வாலையும் கொம்பையும் பிடித்து மாட்டை எழுப்பி நிறுத்தினார்கள். "படுக்க விடாதீங்க" என்று தமிழிலேயே சொன்னார். "நடக்க வைங்க. கன்னு பத்தி நான் சொல்ல மாட்டேன்."

கயிற்றை சிசிலி வாங்கிக்கொண்டாள். வீட்டிலிருந்து கொழுந்து நிறுக்கும் பழைய மடுவம்வரை போவாள், திரும்பி வருவாள். பத்தடிக்கு ஒரு தடவை ரோசி நின்றுவிடும். கயிற்றை மெல்ல இழுப்பாள். தூறல் பிடித்தது. பூசைக்குப் போனவர்கள் குடையோடு திரும்பி வந்து, நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பகல் சாப்பாட்டுக்கு அந்தோனிமுத்து கூப்பிட்டான். வேண்டாம் என்றாள். செருப்பில் சேறு ஏறியது. காலில் இரண்டு அட்டைகள் கடித்து, இரத்தம் குடித்து, தானாகவே விழுந்தன. ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ வீட்டருகே வரும்போது ஷிராணி வாசலில் நின்றிருந்தாள். கையில் கணக்குப் புத்தகம். முகம் சிவந்திருந்தது.

"ஒரு புடிக்கு மேல சோறு வைக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியாது."

"கேக்கலாம்ல? வாய் இருக்குல்ல? அந்த மாட்ட கன்னுக்குட்டியில இருந்து நான் பாத்தேன். காய்ச்சல் வந்தப்ப சாக்கப் போத்திவிட்டு பக்கத்துலயே இருந்தேன். நீ எங்க இருந்த? யாரு வீட்டுலயோ யாரு புள்ளைக்கோ சோறு ஊட்டிக்கிட்டு இருந்த. இப்ப எதுக்கு வந்த நீ?"

"ஷிராணி!" என்று உள்ளேயிருந்து அந்தோனிமுத்து அதட்டினான்.

"விடுங்க" என்றாள் சிசிலி. "அவ கேக்கட்டும்."

ஷிராணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் தேடிப் பார்த்தால் பதில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ரோசி சாணி போட்டது, தண்ணீராக. அது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுபடி நடந்தாள்.

மாடு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பகல் ரோசி செத்த கன்றைப் போட்டது. முடி சரியாக முளைக்காத கிடாரிக் கன்று. அந்தோனிமுத்து அதைச் சாக்கில் சுற்றி, புல்லுத் தோட்டத்துக்குக் கீழே குழி வெட்டினான். சிசிலி மண்ணைத் தள்ளினாள். முடித்துவிட்டு அவன் மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து நின்றான்.

"மனசுல வச்சுக்காத. மொத வருசம் எங்கிட்டயே ரெண்டு மாடு போச்சு. மழையில நனைஞ்ச புல்ல வெட்டிப் போட்டேன், வயிறு ஊதி ஒரே நாள்ல போயிருச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லயே."

"போன்ல எப்படிச் சொல்றது? நீ அங்க தனியா இருக்க. எல்லா மாடும் நல்லாருக்குன்னேன்."

சிசிலி மண்ணைக் காலால் அமுக்கினாள். "நானும் நல்லாருக்கேன்னுதான் சொன்னேன்" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "சொல்றியா?"

"இப்ப வேணாம்."

"சரி" என்றான். "எப்பத் தோணுதோ அப்ப சொல்லு." இரண்டு பேரும் மேலே ஏறி வந்தார்கள்.

ஒரு வாரம் ஷிராணி அவளோடு பேசவில்லை. காலையில் ரொட்டியைத் தட்டில் வைத்து முன்னால் நகர்த்துவாள், அவ்வளவுதான். சிசிலி ரோசிக்குப் புல் வெட்டி வந்து சிறிது சிறிதாக வைத்தாள். நான்கு நாள் கழித்து அது அசை போட ஆரம்பித்தது. அந்தோனிமுத்து அவளுக்கு ஒவ்வொரு மாடாக அறிமுகம் செய்தான். எது உதைக்கும், எதற்கு எந்தக் காம்பில் முன்பு வீக்கம் வந்தது என்று. அவள் கேட்டுக்கொண்டாள். திரும்பக் கேட்டால் சொல்லும் அளவுக்கு மனதில் பதித்துக்கொண்டாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை ஷிராணி அடுப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் சூடு. சிசிலி அரிசி டப்பாவைத் திறந்து, சுண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு நீ போயிருவ. நான் ஆக்கணும். எத்தன சுண்டு போடணும்?"

ஷிராணி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

"ஒன்றரை. அப்பா புல்லு வெட்டிட்டு வந்தா ரெண்டு."

"ரெண்டு" என்றாள் சிசிலி.

"தண்ணி ரெண்டு வெரல் மேல நிக்கணும். இது நாட்டரிசி."

மறுநாள் ஷிராணி எட்டு மணிக்கு முன்பே பஸ் பிடித்துப் போனாள். சிசிலி இரண்டு சுண்டு போட்டாள். சின்னச் சட்டியில் அது அடியில் கிடப்பதாகத் தெரிந்தது. போதுமா என்று மூன்று தடவை திறந்து பார்த்தாள். உருளைக்கிழங்குக் குழம்பு வைத்தாள். லீக்ஸ் வதக்கினாள். ஷிராணி ஒன்றரை மணிக்கு வந்து, உடுப்பை மாற்றாமலே தட்டை எடுத்தாள். ஒரு வாய் வைத்தாள்.

"உப்பு இல்ல."

எழுந்து உப்பு டப்பாவை எடுத்து, தானே குழம்பில் போட்டுக் கலக்கினாள். மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டாள். பரீட்சை எப்படி என்று சிசிலி கேட்கவில்லை. கேட்கலாமா என்று தெரியவில்லை. ஷிராணியே சொன்னாள்:

"சமயப் பாடம் லேசு. நாளைக்குத் தமிழ்." பிறகு தட்டை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் வை."

சிசிலி வைத்தாள். சட்டியில் அந்தோனிமுத்துவுக்கு ஒரு தட்டு, தனக்கு அரைத் தட்டு, அவ்வளவுதான் மிச்சம். தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவ எழுந்தாள். கண் சொருகியது.

"போய்ப் படுங்க, நான் கழுவுறேன்" என்றாள் ஷிராணி.

பகலில் படுத்து அவளுக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மகளின் கட்டிலில் போய்ச் சாய்ந்தாள். தலையணையில் தேங்காய் எண்ணெயும் மாட்டு வாடையும் இருந்தன. எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. அடுப்படியில் ஷிராணி தமிழ்ப் பாடத்தைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒரு வரியில் தடுக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். பட்டியில் பால் வாளியில் பீய்ச்சும் சத்தம் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று சிசிலிக்குத் தோன்றவில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.