ஓஜாங் குடித்த மூன்று கிளாஸ்

பெண் பார்க்க சோலோ நகரத்திலிருந்து கரூட் என்ற ஊருக்கு ஏழு மணி நேரம் ரயிலில் போனாள் வார்த்தினி. மகன் சுகெங் அந்த ஊர்த் தோல் பட்டறையில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறான். பெண்ணையும் அங்கேயே பார்த்துக்கொண்டான். பெண் பெயர் இமாஸ்.

இமாஸின் அப்பா ஓஜாங் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். பாய் விரித்து, ஐஸ் மிதக்கும் தேநீர் கொடுத்தார்கள். வார்த்தினி ஒரு மடக்கு குடித்தாள். துளி இனிப்பில்லை. முகத்தில் எதுவும் காட்டாமல் கிளாஸைக் கீழே வைத்தாள். கல்யாணத் தேதி பற்றிப் பேச்செடுத்தபோது, "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்றாள்.

திரும்பும்போது ரயிலேற்றிவிட வந்த சுகெங் தலையிலடித்துக்கொண்டான்.

"அம்மா, இந்தப் பக்கம் தேநீர்னாலே வெறும் தேநீர்தான். சர்க்கரை வேணும்னா கேட்டு வாங்கணும்."

"கடையில கேக்கலாம்டா. சம்பந்தம் பேச வந்த வீட்டுல, சர்க்கரை போடுங்கன்னு நான் வாய்விட்டுக் கேக்கணுமா? எழவு வீட்டுல கூட நம்ம ஊர்ல இனிப்பாத்தான் கொடுப்பாங்க."

ஒரு மாதம் அவள் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஓஜாங்கே மகளையும் சுகெங்கையும் அழைத்துக்கொண்டு சோலோவுக்கு வந்துவிட்டார்.

அன்று வார்த்தினி மூன்று வகைத் தேயிலையைக் கலந்து கெட்டியாகக் கொதிக்க வைத்தாள். கரண்டி நிற்கும் அளவுக்குச் சர்க்கரை. ஓஜாங் ஒரே மூச்சில் குடித்துவிட்டு கிளாஸை வைத்தார். காலி கிளாஸைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சோலோவில் மரியாதை இல்லை. அவள் மறுபடி நிரப்பினாள். அதையும் குடித்தார். மூன்றாவதையும் ஊற்றினாள். பாதி குடிக்கும்போது அவர் நெற்றி வியர்த்தது. கை மெல்ல வயிற்றுக்குப் போனது.

"மனுஷன் ரொம்ப விரும்பிக் குடிக்கிறாரே" என்று வார்த்தினி ஜாடியைத் தூக்கினாள்.

இமாஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும் அத்தை. அப்பாவுக்கு இனிப்பே ஆகாது. நீங்க மனசு நோவீங்கன்னு குடிக்கிறாரு. அன்னைக்கு எங்க வீட்டுல நீங்க கிளாஸை வெச்சுட்டுப் போனதுலேர்ந்து சரியாத் தூங்கல."

"நீ சும்மா இரு. மூணாவது அவ்வளவு கஷ்டமா இல்ல" என்றார் ஓஜாங். சொல்லிவிட்டு எழுந்து வேகமாகக் கொல்லைப்பக்கம் போனார்.

அவர் வாந்தியெடுக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. வார்த்தினி ஜாடியைக் கீழே வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய் வெந்நீரில் இஞ்சி தட்டிப்போட்டு, எதுவும் சேர்க்காமல் அவரிடம் நீட்டினாள்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சம்பந்தி!"

சம்பந்தி என்று அவள் அழைத்ததை முதலில் கவனித்தவன் சுகெங்தான்.

நோன்புப் பெருநாள் கழிந்து கரூட்டில் கல்யாணம் நடந்தது. தன் பக்கத்து ஆட்களுக்கென்று வார்த்தினி ஐந்து கிலோ சர்க்கரை சுமந்துபோனாள். ஓஜாங் கொடுத்த வெறும் தேநீரைத் தான் மட்டும் முழுக்கக் குடித்தாள்.

"பிடிச்சுதா அத்தை?" என்றாள் இமாஸ்.

"பிடிக்கல" என்றாள் வார்த்தினி.