மஞ்சள் சீட்டு

சலவை ஆலையில் அவளுக்கு டிக்ஷனரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இங்கிலீஷில் நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். அதனால் லீவு லெட்டரிலிருந்து பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பம் வரை எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வந்து சேரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அவளுடைய வேலை மெஷின்களைப் பார்த்துச் சீட்டு எழுதுவது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் ஆலை அது. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மெஷினாகச் சோதித்து, கோளாறு இருந்தால் அதன் முகப்பில் சீட்டு ஒட்ட வேண்டும். கோளாறு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தலைமை அலுவலகம் நாலே நாலு வார்த்தை கொடுத்து, அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியும் வைத்திருந்தது. கிரிட்டிக்கல் என்றால் சிவப்புச் சீட்டு. அந்த நிமிஷமே மெஷினை நிறுத்த வேண்டும். வைட்டல் ஆரஞ்சு, அன்றைக்குள் சரிசெய்ய வேண்டும். எசென்ஷியல் மஞ்சள், ஒரு வாரம் பொறுக்கலாம். இம்பார்ட்டன்ட் வெறும் வெள்ளை; அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்.

“நாலுக்கும் முக்கியம்னுதானேம்மா அர்த்தம்?” என்று மெக்கானிக் ஒருநாள் கேட்டார். “முக்கியத்துல நாலு சைஸா?”

டிக்ஷனரி டீயை ஆறவிட்டு அவருக்கு அரைமணி நேரம் விளக்கினாள். அவர் கடைசியில் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்த நாலு வார்த்தையும் அவளுக்கு அத்துப்படி. தெரியாமல் செய்தவளாக இருந்திருந்தால் பிறகு நிம்மதியாகச் சாப்பிடவாவது முடிந்திருக்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை உருளை இஸ்திரி மெஷினைச் சோதித்தாள். கொதிக்கிற நீள உருளை, ஈர விரிப்பை உள்ளே இழுத்து, மறுபக்கம் காயவைத்துத் தள்ளும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. கை தவறி உள்ளே போனால் கம்பியில் இடிக்கும், உருளை நின்றுவிடும். அதுதான் ஏற்பாடு. அன்றைக்கு அவள் கம்பியைத் தள்ளினாள். உருளை பாட்டுக்கு ஓடியது. மறுபடி தள்ளினாள். அப்போதும் ஓடியது. மூன்றாவது தடவைதான் நின்றது.

சிவப்புச் சீட்டுக் கட்டைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மேலாளர் வந்தார்.

“என்ன டிக்ஷனரி, மறுபடியும் சிவப்பா?”

அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு சிவப்பு ஆகியிருந்தது. போன வாரக் கூட்டத்தில் மேலாளர், “நம்ம டிக்ஷனரிக்குத் தும்மல் வந்தாக்கூட மெஷினை நிறுத்திடுவாங்க” என்று சொல்ல, இருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் அவளுடைய அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் மனைவிக்கு அந்த ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்ததே டிக்ஷனரிதான். மற்றவர்கள் சிரித்ததைவிட அந்தச் சிரிப்புதான் அவளை இரண்டு நாள் குடைந்தது.

“கம்பி மூணாவது தடவைதான் சார் நிக்குது.”

“நிக்குதுல்ல?” என்றார் மேலாளர். “சரி, உங்க இஷ்டம். சீட்டு எழுதறது நீங்க. நான் ஒண்ணும் சொல்லலை.”

போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது சத்தியமான உண்மை. அவளுடைய கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. அவளாகவே சிவப்புக் கட்டைப் பைக்குள் வைத்தாள், அவளாகவே மஞ்சள் கட்டை எடுத்தாள், எசென்ஷியல் என்று எழுதி ஒட்டினாள். எழுத்து வழக்கம்போல முத்து முத்தாக வந்தது.

சனிக்கிழமை அந்த மெஷினில் நிற்கிற பெண் வரவில்லை. மடிக்கிற மேஜையிலிருந்து அண்ணியை அங்கே அனுப்பினார்கள். பதினோரு மணிக்கு ஒரு விரிப்பின் முனை மடங்கியது. அதை நீவிவிடப் போன வலது கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. முழங்கையால் கம்பியை ஒருமுறை இடித்திருக்கிறாள். மறுமுறை இடிக்க நேரமில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு டிக்ஷனரி வீட்டில் பம்பரமாகச் சுற்றினாள். சமைத்தாள், துவைத்தாள், அண்ணிக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள், தினமும் காலையில் தலைவாரிப் பின்னிவிட்டாள். “நீ மட்டும் இல்லைன்னா எங்க கதி என்ன?” என்று அண்ணன் கண் கலங்கினபோது அவளுக்கு ஓடி ஒளியத் தோன்றியது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பாள். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வாள்.

பத்தாம் நாள் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. தலைமை அலுவலகத்தின் இங்கிலீஷ்.

தரையில் உட்கார்ந்து பின்னலுக்கு முதுகைக் காட்டியிருந்த அண்ணி, கடிதத்தைத் தோளுக்கு மேல் நீட்டினாள். “என்ன போட்டிருக்காங்கன்னு பாரேன்.”

டிக்ஷனரி படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

“மெஷின்ல எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருந்துச்சாம். அதை மதிக்காம நீங்க கையை விட்டீங்களாம். உங்க அஜாக்கிரதைதான்னு கையெழுத்து கேக்கறாங்க. இல்லைன்னா ஒரு வாரத்துக்குள்ள பதில் எழுதணுமாம்.”

“மதிக்காமலா?” அண்ணிக்குக் கோபம்கூட வரவில்லை. “சீட்டைப் பாத்துட்டுத்தான் நின்னேன். என்ன வார்த்தைன்னு படிக்கத் தெரியாது. மஞ்சள்னு தெரியும், உன் கையெழுத்துன்னு தெரியும். ஆபத்துன்னா நீ சிவப்பு ஒட்டாம விடமாட்ட. யார் கேலி பண்ணினாலும் நீ மாத்தற ஆளில்லைன்னு ஒரு தைரியம். அதான் நின்னேன்.”

சீப்பு பாதித் தலையில் நின்றது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

“அண்ணி, அது சிவப்பு ஒட்ட வேண்டிய மெஷின்.”

“என்ன சொல்ற?”

“வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். கம்பி ரெண்டு தடவை வேலை செய்யலை. சிவப்பைக் கையில எடுத்துட்டேன். மறுபடி எல்லாரும் சிரிப்பாங்கன்னு உள்ள வச்சுட்டு மஞ்சளை ஒட்டினேன்.”

அண்ணி திரும்பவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும்தான் சிரிச்சேன்” என்றாள் கடைசியில். “அதுக்காகவா?”

டிக்ஷனரி சீப்பைத் தரையில் வைத்தாள்.

“எழுது” என்றாள் அண்ணி. “இப்ப சொன்னியே, அதை அப்படியே அவங்க இங்கிலீஷ்ல எழுது. எந்த வார்த்தை போடணும்னு உனக்குத்தான் தெரியுமே.”

ஒரு வரிக்கு நாலு வார்த்தை மாற்றிப் போட்டுப் பார்க்கிறவள், அந்தக் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட அடிக்கவில்லை. கிரிட்டிக்கல் என்று எழுத வேண்டிய இடத்தில் தெரிந்தே எசென்ஷியல் என்று எழுதினேன், என் அண்ணி அந்தச் சீட்டை நம்பித்தான் அங்கே நின்றார்கள் என்று எழுதினாள். இந்தக் கடிதம் போனால் வேலை போகும். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று மேலாளர் கையை விரிப்பார். போகட்டும். தன் கையெழுத்தைப் போட்டு, எழுதியதைத் தமிழில் சொல்லிக்காட்டினாள். அண்ணி இடது கையால் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள்.

“பின்னல் பாதியில நிக்குது அண்ணி. முடிச்சுடறேன்.”

“வேணாம். இனிமே நான் பாத்துக்கறேன்.”

அண்ணி எழுந்து கண்ணாடி முன்னால் போனாள். முடியை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் இடது கையால் பின்னப் பார்த்தாள். அவிழ்ந்தது. மறுபடி பின்னினாள். மறுபடியும் அவிழ்ந்தது. டிக்ஷனரி ரப்பர் பேண்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் போகலாம் என்று நின்றாள். மூன்றாவது தடவையும் அவிழ்ந்த பிறகு அண்ணி முடியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.