பெரட்டில் சொல்லாதது

படகு மோட்டரின் நாலாவது நட்டையும் கழற்றித் தனுஷிகா சாக்கின்மேல் வைத்தபோது, மேலே தேயிலைக்குள்ளிருந்து ஆண்களின் சத்தம் கேட்டது. "பாத்து, பாத்து, கால் வழுக்கும்" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டு நீர்த்தேக்கத்தின் கரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கூட வேலை செய்த விஜிதரன் நிமிர்ந்து பார்த்தான். "யாரையோ கம்பளியில தூக்கிட்டு வாராங்க," என்றான்.

படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அடியில் புது விசிறிக்காகக் காலையில் போட்ட ஓட்டையைச் சுற்றிப் பூசிய பசை இன்னும் காயவில்லை. இந்த மூடுபனியில் எங்கே காய்வது?

பாடசாலையில் தொழில்நுட்பம் படிக்கிற ஆறு பேர் கண்காட்சிக்கென்று கட்டிய சோலார் படகு அது. மண் சரிந்து கீழ்ப்பாதை மூடிப்போன பிறகு, தோட்டத்தில் யாருக்கு என்ன வந்தாலும் அதில்தான் அக்கரைக்குப் போய் ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. தண்ணீரைத் தள்ளுகிற விசிறியை மாற்றி, பெட்டரியை நடுவுக்குத் தள்ளி வைத்தால் இருபது நிமிடம் போதும் என்று தனுஷிகா கணக்குப் போட்டிருந்தாள். கணக்கில் பிழையில்லை. ஆனால் படகைக் கழற்றுகிற நாளில், காலைப் பெரட்டில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்பும்போது, எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட வேண்டும் என்று தோட்டத்தில் பேசி வைத்திருந்தார்கள். சொன்னால் கழற்ற விடமாட்டார்கள் என்று பயந்து அவள் யாரிடமும் சொல்லவேயில்லை.

அம்மா வீரம்மா காலையிலேயே சண்டை பிடித்தாள். "ஓடுறத ஏன்டி நோண்டுற?" என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "சரி, பெரட்டுல சொல்லிட்டாச்சும் கழட்டு."

"மூணு மணிக்கெல்லாம் திரும்பப் பூட்டிருவேன்மா. நீ வாயத் தெறக்காம இருந்தா போதும்."

அப்பா மூக்கன் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். "என்னமோ பண்ணித் தொல," என்று அம்மா கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கம்பளியைக் கரையில் இறக்கினார்கள். உள்ளே கிடந்தது அம்மா.

முதலில் அடையாளமே தெரியவில்லை. முகம் வீங்கி, கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. கொண்டைக்குள் இரண்டு குளவிகள் செத்துச் சிக்கியிருந்தன.

"கூடு கலைஞ்சிருச்சு பாப்பா," என்று மூச்சு வாங்கினார் கங்காணி கணேசமூர்த்தி. "மத்தவளுக ஓடிட்டாளுக. இவ வாய்க்கால்ல உழுந்துட்டா. போட்டத் தண்ணியில எறக்கு, சீக்கிரம்!"

கங்காணி சாக்கின்மேல் கிடந்த மோட்டரைப் பார்த்தார். படகைப் பார்த்தார்.

"அடப் பாவிகளா! யாருகிட்ட சொல்லிட்டுக் கழட்டுனீங்க?"

அம்மாவின் கை கம்பளியின் ஓரத்தைத் தடவியது. நாக்கும் உதடும் தடித்து, பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"நாந்தான்... பெரட்டுல சொல்றேன்னேன். மறந்துட்டேன்."

"இல்ல" என்று தனுஷிகா வாயெடுப்பதற்குள் கம்பளியைத் தூக்கிவிட்டார்கள். இனி மலை உச்சிக்கு ஏறி, அங்கே நிற்கிற தோட்டத்து லொறியில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இறங்கியதே அரை மணிநேரம். திரும்ப ஏற ஒரு மணிநேரம் ஆனது. அவளும் கம்பளியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அம்மாவோடு கொழுந்து பறிக்கிற சர்மிளா அக்கா பின்னால் அழுதுகொண்டே வந்தாள். "கீழ வர்ற வழியெல்லாம் என்னமோ சொல்ல வந்தா புள்ள. நாங்கதான் பேசாத, பேசாதன்னு வாய அடக்கிட்டோம்."

அம்மா என்ன சொல்ல வந்தாள் என்று தனுஷிகாவுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

லொறியில் அம்மாவின் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எந்த வளைவில் அது குளிர்ந்துபோனது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

பாக்டரி வேலையிலிருந்து அப்பா மலை ஏறி நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை, பிணவறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பா, ரெண்டு அடி அடிச்சிருங்கப்பா."

அம்மாவுக்கு உடுத்த வீட்டிலிருந்து வந்த சீலை இருந்த பையை மடியில் வைத்து, அவர் அதன் காதை முறுக்கிக்கொண்டிருந்தார். அடித்திருந்தால் எவ்வளவோ தேவலை. நீதான்டி கொன்றாய் என்று ஒரு தடவை கத்தியிருந்தால், அவர் காலைப் பிடித்து அழுதிருப்பாள்.

மரண விசாரணை அதிகாரி வந்தார். டவுன் ஆள், தமிழ் நன்றாகப் பேசினார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தனுஷிகா முடிவு செய்திருந்தாள். நாந்தான் சொல்லாம கழட்டினேன், அம்மாவையும் சொல்லக் கூடாதுன்னேன். அவ்வளவுதான். விடியலிலிருந்து அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லொறி மேல நிக்கும்போது கீழ எதுக்குக் கொண்டு போனீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"போட்டு ஓடும்னு நெனச்சோங்க," என்றார் கூட வந்திருந்த கங்காணி. "கழட்டிக் கெடந்தது யாருக்கும் தெரியாதுங்க."

"யாரு சொல்லியிருக்கணும்?"

தனுஷிகா எழுந்தாள். "சார், நான்..."

"வீரம்மாதாங்க," என்றார் அப்பா.

நேற்றிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது. "பெரட்டுல நான் சொல்லிர்றேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. மறந்திருப்பா. அவளுக்கு எப்பவும் மறதி."

அம்மாவுக்கா மறதி! லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பிறந்த தேதியை, அன்று மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பது வரைக்கும் சொல்கிறவளுக்கு!

அதிகாரி எழுதி முடித்து நிமிர்ந்தார். "மகளும் அப்பிடித்தான் சொல்றீங்களா?"

அப்பா அவளைப் பார்த்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. அவர் தலை மெல்ல, மிக மெல்ல, மேலும் கீழும் அசைந்தது.

"ஆமாங்க," என்றாள்.

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். சீ என்றிருந்தது. செத்தவளின் தலையில் சுமத்திவிட்டுத் தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோமே என்று கூசியது. வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

பிணவறைக் கதவு திறந்தது. "வீரம்மாவோட ஆளுங்க யாரு? துணியக் கொண்டாங்க," என்று உள்ளேயிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

அப்பா சீலைப் பையோடு எழுந்தார். கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். பிறகு அங்கேயே நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எழுந்து வரட்டும் என்று நின்றார்.