வீட்டில் பேசும் மொழி

கணவன் மானஸ் சிரித்த சத்தம் கேட்டபோது டிம்ப்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. பக்கவாதம் வந்த இந்த நாலு மாதத்தில் அந்தத் தொண்டையிலிருந்து இருமலும் முனகலும் தவிர வேறெதுவும் பெரிதாக வந்ததில்லை. இப்போது உள்ளறையிலிருந்து வந்தது அவனுடைய பழைய சிரிப்பேதான். மூக்கில் தொடங்கி, அடக்கப் பார்த்து, முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. கூடவே கிரான்யாவின் குரல், ஐரிஷில், மூச்சு விடாமல் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தது. நடுவில் மானஸ் நாலைந்து சொல் சொன்னான். இந்த முறை கிரான்யா சிரித்தாள்.

டிம்ப்னா ஈரக் கையோடு நடைக்கு வந்து நின்றாள். உள்ளே போகவில்லை. அவள் போனால் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷமாக அப்படித்தான் நின்றிருக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் கிரான்யா வருவாள். சுகாதாரத் துறை அனுப்பும் வீட்டு உதவியாள். மானஸைக் குளிப்பாட்டி, முகம் வழித்து, சட்டை மாற்றி, சாய்நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவது அவள் வேலை. ஐரிஷ் பேசும் இந்தக் கடலோர ஊரிலேயே பிறந்தவள், ஐம்பது வயதிருக்கும். அன்று அவள் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது டிம்ப்னா கேட்டாள்.

"எதுக்கு அப்படிச் சிரிச்சான்?"

"அது ஒண்ணுமில்ல. எங்க சித்தப்பா கழுதைய வித்த கதை."

"என்னான்னு சொல்லேன்."

கிரான்யா பொத்தானைப் போட்டபடியே யோசித்தாள். "வேணாம் டிம்ப்னா. இங்கிலீஷ்ல சொன்னா சப்புனு போயிடும்."

பக்கவாதம் மானஸின் வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டது. அதோடு ஆங்கிலத்தையும் எடுத்துக்கொண்டது. பிற்பாடு கற்றுக்கொண்ட மொழி முதலில் போவதுண்டு, சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார் டாக்டர். அவன் ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போய்த்தான் ஆங்கிலம் படித்தவன். அந்த மொழியில்தான், ஆங்கிலம் மட்டுமே பேசும் டெரி நகரத்திலிருந்து மீன் பதனிடும் ஆலைக் கணக்கெழுத வந்த டிம்ப்னாவிடம் பேசினான், சண்டை போட்டான், கல்யாணம் செய்துகொண்டான். இப்போது அதில் மிச்சமிருப்பவை இரண்டே சொற்கள். 'தேங்க் யூ', 'ஃபைன்'. அவையும் யோசித்து வருவதில்லை; தும்மல் மாதிரி வருபவை. ஐரிஷ் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருந்தது. டிம்ப்னாவுக்குத் தெரிந்த ஐரிஷ் தேநீர், கதவு, மழை, ஆடு, கடவுள் வாழ்த்து என்று ஒரு பத்துப் பதினைந்து சொற்கள், அவ்வளவுதான்.

அவள் கற்றுக்கொள்ள முயன்றதேயில்லை என்று சொல்ல முடியாது. வந்த புதிதில் முயன்றாள். ஆனால் அவள் வாயைத் திறந்ததும் எதிரில் இருப்பவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். மதுக்கடையில் ஆறு பேர் ஐரிஷில் பேசிக்கொண்டிருக்கும் மேசையில் அவள் போய் உட்கார்ந்தால், ஆறு பேரும் ஒரே மூச்சில் மாறிவிடுவார்கள். மானஸின் அம்மாகூட, கடைசிவரை, தனக்குச் சரியாக வராத ஆங்கிலத்தில் திக்கித் திக்கித்தான் மருமகளிடம் பேசினாள். அது அவர்களுடைய மரியாதை என்று அப்போது டிம்ப்னாவுக்குத் தோன்றவில்லை. உலகம் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

மகள் ஊனா பிறந்த வாரம் மானஸ் ஒருமுறை கேட்டான். தொட்டிலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ கேட்பது போல. "பிள்ளைகிட்ட நான் ஐரிஷ்ல பேசட்டுமா?"

"எனக்குப் புரியாம நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா, இந்த வீட்ல நான் யாரு?" என்றாள் அவள். இருபத்தொன்பது வயது, தூக்கமில்லாத கண்கள், சொந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம். அவன் அதற்கப்புறம் கேட்கவேயில்லை. ஐரிஷ் பேசும் வீடுகளுக்கு அரசாங்கம் அப்போது ஒரு சின்ன உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளைச் சோதிக்க ஒரு அதிகாரி வீடு வீடாக வருவார். அவரை வாசலிலேயே நிறுத்தி, "இங்க ஐரிஷ் பேசறவங்க யாரும் இல்ல சார்" என்று அனுப்பியவள் அவள். பிறகு, இந்தப் பகுதிச் சாலைப் பலகைகளில் ஐரிஷ் மட்டுமே இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது, நகராட்சிச் சாலைப் பணியில் இருந்த மானஸ்தான் பழைய பலகைகளைக் கழற்றிப் புதியவற்றை நட்டான். சாப்பாட்டு மேசையில் அவள் கேலி செய்தாள். "இனி வர்றவனெல்லாம் வழி தெரியாம கடல்ல போய் விழப்போறான்." அவனும் சிரித்தான். ஆங்கிலத்தில் சிரித்தான் என்று இப்போது நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரிக் கடைசியில் கடிதம் வந்தது. பணி மாற்றம் காரணமாக வரும் மாதத்திலிருந்து கிரான்யாவுக்குப் பதில் வேறொருவர் வருவார் என்றது. பெயர் ஷாரன். டிம்ப்னா பேருந்து பிடித்து அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே யூஜின் என்கிற ஒருங்கிணைப்பாளன் இருந்தான். இளைஞன், மரியாதை தெரிந்தவன். நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான்.

"கிரான்யாவ மாத்தாதீங்க," என்றாள். "அவ ஒருத்திதான் அவன்கூடப் பேசறா."

"எனக்குப் புரியுது டிம்ப்னா. ஆனா ஐரிஷ் பேசற வீடுன்னு பதிவானவங்களுக்குத்தான் முதல்ல ஐரிஷ் தெரிஞ்ச ஆளக் குடுக்கணும். தீவுப் பக்கம் ரெண்டு வீட்ல கேட்டிருக்காங்க. அது அவங்க உரிமை. எங்ககிட்ட இருக்கறதே மூணு பேர்."

"நாங்களும் ஐரிஷ் பேசற ஊர்லதானே இருக்கோம்?"

"ஊரு சரி," என்றான் யூஜின். கோப்பைத் திருப்பி அவள் பக்கம் வைத்தான். "வீடு?"

மருத்துவமனையில் சேர்த்த அன்று காலை நிரப்பிய படிவம். ஒரு இடத்தில் பேனா அழுந்திக் காகிதம் கிழிந்திருந்தது. 'வீட்டில் பேசும் மொழி' என்ற வரிக்கு நேரே, சுத்தமான கணக்கர் கையெழுத்தில், 'ஆங்கிலம்'. அவளுடைய எழுத்து. தவறுதலாக எழுதிவிட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தாள். ஆனால் தவறு இல்லையே அது.

"மாத்தலாம்," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "ஆனா அவரே கேக்கணும், அவர் வாயால. டப்ளின்லேர்ந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவாங்க. ஒரு மாசம் ஆகும்."

"டப்ளின்லேர்ந்தா? ஐரிஷ் தெரிஞ்சவங்களுக்கு இங்க அவ்வளவு பஞ்சமா?"

"தெரிஞ்சவங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க," என்று அவன் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். "அந்தப் பதவிக்குத் தேர்வானவங்கதான் இல்ல."

கிரான்யா வந்த கடைசி வெள்ளிக்கிழமை டிம்ப்னா அவளைச் சமையலறையில் நிறுத்தினாள். ஒரு பழைய உறையை நீட்டினாள். "எனக்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் குடு. 'உன் பேச்சையே பேசு, எனக்காக நிறுத்தாதே'ன்னு."

கிரான்யா உறையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "முப்பத்தெட்டு வருஷம் இருந்துச்சு டிம்ப்னா. நான் கோட்டு மாட்டினப்புறம் கேக்கறீங்க."

சொன்ன உடனே அவள் முகம் மாறிவிட்டது. பேனாவை வாங்கி உட்கார்ந்தாள். ஐரிஷில் எழுதி, அதன் கீழே உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் உடைத்து உடைத்து எழுதிக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் மானஸின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ பேசினாள். இந்த முறை சிரிப்பு கேட்கவில்லை.

ஷாரன் நல்லவள். அதைச் சொல்லத்தான் வேண்டும். கை சுத்தம், நேரம் தவறமாட்டாள், அவனைப் புரட்டும்போது ஒரு நாளும் வலிக்கவைத்ததில்லை. "வா என் ராஜா, நிமிந்து உக்காரு என் தங்கம்," என்று காது கேளாதவரிடம் பேசுவது போல உரக்கப் பேசுவாள். அவன் ஒவ்வொன்றுக்கும் 'தேங்க் யூ' என்பான். அவள் போனபின் சுவரைப் பார்த்தபடி கிடப்பான். டிம்ப்னா ஐரிஷ் வானொலியைப் போட்டுவிடுவாள். மரண அறிவிப்புகள் வாசிக்கும்போது மட்டும் அவன் கண் அசையும். சொற்கள் குறைந்துகொண்டே வந்தன. மார்ச் முடிவதற்குள், தண்ணீர் வேண்டுமென்றால்கூட விரலைத்தான் காட்டினான்.

மதிப்பீட்டாளர் ஏப்ரலில் வந்தாள். ஐலீஷ் என்று பெயர், முப்பது வயதுக்குள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கணினிப் பலகை. பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் படித்த ஐரிஷ், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் துடைத்து வைத்தது போல வந்தது. அவள் நாற்காலியை அவன் அருகே போட்டுக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டாள்.

மானஸ் அட்டையைப் பார்த்தான். இடது கையால் சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"தேங்க் யூ," என்றான்.

ஐலீஷ் இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். "ஃபைன்," என்றான் அவன். மூன்றாவதற்கு இரண்டையும் சேர்த்துச் சொன்னான். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. வங்கியில், வரி அலுவலகத்தில், டாக்டரிடத்தில், கழுத்தில் அட்டை தொங்கும் எவர் முன்னாலும், வாழ்நாள் முழுக்க ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்து மாட்டுவது போல ஆங்கிலத்தை எடுத்து மாட்டியவன். சட்டை போய்விட்டது, மாட்டும் பழக்கம் போகவில்லை. ஐலீஷின் விரல் திரையில் எதையோ குறித்தது. அவள் என்ன குறிக்கிறாள் என்று டிம்ப்னாவால் ஊகிக்க முடிந்தது. நோயாளி ஆங்கிலத்தில் பதிலளிக்கிறார்.

டிம்ப்னா எழுந்து வந்து அவன் முன்னால் மண்டியிட்டாள். உறையைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை, ஆறு வாரமாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தது. அந்நிய ஆள் ஒருத்தியின் முன்னால், டெரிக்காரியின் நாக்கில், எல்லா எழுத்துகளும் கோணலாக, சொன்னாள். உன் பேச்சையே பேசு. எனக்காக நிறுத்தாதே.

மானஸ் அவளை உற்றுப் பார்த்தான். அவன் முகத்தில் வந்தது மகிழ்ச்சியல்ல. பயந்துபோனவன் போல இருந்தான். பிறகு பேசினான். மெதுவாக, மூச்சு வாங்கி, நிறுத்தி, திரும்பத் தொடங்கி, ஐலீஷைப் பார்த்துப் பேசினான். ஒரு மாதமாக அவன் சேர்த்துவைத்த சொற்களெல்லாம் வந்தது போல இருந்தது. டிம்ப்னாவுக்கு இரண்டு சொற்கள் பிடிபட்டன. பெண். இல்லை.

ஐலீஷ் எழுதவில்லை. பலகையை மடிமேல் கவிழ்த்துவைத்திருந்தாள்.

"என்ன சொன்னான்?"

"நான் சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லும்மா."

"தயவுசெஞ்சு இங்கிலீஷ்லயே பேசுங்கன்னார். 'என் பொண்டாட்டிக்கு இந்தப் பேச்சு வராது. அவள உக்காரவச்சுக்கிட்டு அவ தலைக்கு மேல நாம பேசறது நல்லா இல்ல'ன்னார்."

டிம்ப்னா தேநீர் போடுவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கெண்டியைப் பிடிக்காமல், தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஐலீஷின் சுத்தமான ஐரிஷ் மறுபடி தொடங்கியது. சிறிது நேரம் கழித்து அவன் குரலும்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பதிவேட்டில் 'வீட்டில் பேசும் மொழி' ஐரிஷ் என்று மாற்றப்பட்டுவிட்டது. ஐரிஷ் பேசும் உதவியாளரைப் பெற அவருக்கு முழுத் தகுதி உண்டு. தற்சமயம் அப்படி எவரும் இல்லாததற்குத் துறை வருந்துகிறது. பெயர் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதுவரை ஷாரனே வருவார்.

கிளாஸ்கோவிலிருந்து ஊனா தொலைபேசியில் கேட்டாள். "அப்போ ஜெயிச்சுட்டோம்ல அம்மா?"

"ஆமா," என்றாள் டிம்ப்னா. "ஜெயிச்சாச்சு."

அன்று பிற்பகல் ஷாரன் போனபின் டிம்ப்னா கடிதத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள். ஒரே தாளில் இரண்டு பத்திகள். வலதுபக்கம் ஆங்கிலம், இடதுபக்கம் ஐரிஷ். இடதுபக்கத்தை உரக்கப் படிக்கத் தொடங்கினாள். அலுவலக முகவரி, கோப்பு எண், தேதி. எந்த எழுத்தை உச்சரிப்பது, எதை விழுங்குவது என்று தெரியாமல் ஒவ்வொரு சொல்லிலும் இடறினாள். மானஸ் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

மூன்றாவது வரியில் அவன் விரல் உயர்ந்தது. ஒரு சொல்லைச் சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். இல்லை என்பது போல விரல் அசைந்தது. மறுபடி சொன்னான், இன்னும் மெதுவாக. அவள் அவன் வாயைப் பார்த்துச் சொன்னாள். சரி என்பது போலக் கண்ணை மூடித் திறந்தான். அவள் அடுத்த சொல்லுக்குப் போனாள். துறை வருந்துகிறது என்பது எங்கே வருகிறது, பட்டியல் எங்கே வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் எல்லாவற்றையும் கேட்டான்.

கையெழுத்துக்குக் கீழே இருந்த தொலைபேசி எண்வரை படித்து முடித்து அவள் நிமிர்ந்தபோது, அவன் இடது கை நீண்டு தாளின் உச்சியைத் தட்டியது. அவள் முகவரியிலிருந்து மறுபடி தொடங்கினாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டின் துணிகளைக் கடற்காற்று கொடியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டிருந்தது. இந்த முறை அவன் உதடுகள், சத்தமில்லாமல், அவளுக்கு அரைச் சொல் முன்னால் அசைந்துகொண்டிருந்தன.