அரக்கோணம் பரத்

அரக்கோணத்தில் தேடினால் நூறு பரத் கிடைப்பார்கள். பூரணியின் பரத் மட்டும் கிடைக்கமாட்டார். பழைய நாணயம், தபால்தலை, அஞ்சலட்டை எல்லாவற்றையும் இணையத்தில் ஏலம் விடும் நிறுவனத்தில், வேலூர் சத்துவாச்சாரி மாடி அறையில், அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் உண்டாக்கிய ஆள் அவர். பெயர், ஊர், தனியாக ஒரு செல்போன், அவ்வளவுதான் அவருடைய சொத்து. ஏலம் மந்தமாக இருந்தால் பரத் விலை கேட்பார். வெளியே சொல்லாமல் முதலாளி நவநீதன் வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை நெருங்கியதும் நல்ல பிள்ளையாக ஒதுங்கிக்கொள்வார். ஒன்றரை வருடத்தில் ஒரு சல்லிக்காசுப் பொருளும் வாங்கியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏலத்துக்கு வந்தது 1971-ம் வருட அஞ்சலட்டை ஒன்று. ராணுவத் தபால் நிலையத்தின் அபூர்வ முத்திரை குத்தியது. ரகசிய விலை பன்னிரண்டாயிரம். முகவரி, முனவ்வர் பேகம், ஆம்பூர். பின்பக்கம் உருதுவில் ஏதோ எழுதியிருந்தது. முத்திரை சேகரிப்பவர்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை? இணையத்தில் முன்பக்கத்தை மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

கவலைப்பட்டவர் ஒருவர் இருந்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கும் உமர் ஃபாரூக். ஒரு வாரமாக போன் செய்துகொண்டே இருந்தார்.

"அது எங்க அம்மி பேரும்மா. எங்க அப்பா எழுதினது. மிலிட்டரி லாரி ஓட்டப் போனவரு, நான் பொறந்த ஆறாம் மாசம் ஆக்சிடென்ட்ல போய்ட்டாரு. இதுக்கு முன்னாடி அவரு கையெழுத்தக்கூட நான் பார்த்ததில்ல. அம்மி மவுத்தான அப்புறம் பழைய பேப்பரோட பேப்பரா நானே எடைக்குப் போட்டுட்டேன். பின்னாடி இன்னா எழுதியிருக்காருன்னு ஒரு போட்டோ அனுப்பேன், போதும்."

பூரணி முதலாளியிடம் கேட்டாள். "போட்டோ குடுத்துட்டா அப்புறம் எதுக்கு வாங்குவாரு?" என்றார் நவநீதன். அந்த மனிதர் எப்போதும் கணக்குத் தப்பாமல்தான் பேசுவார், பாழாய்ப்போனவர்.

உமர் ஃபாரூக் பதினைந்தாயிரம் வரை போகலாம் என்று முன்கூட்டியே பதிந்திருந்தார். ஏலம் கேட்பவர்களின் கண்ணுக்குத் தெரியாத அந்த எண் நவநீதன் திரையில் பளிச்சென்று தெரியும். பன்னிரண்டோடு நிற்க வேண்டிய பரத், பதினைந்து வரை ஏற்றப்பட்டார். உமர் பதறிப்போய் போன் செய்தார். வரம்பை உயர்த்துவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளும் பூரணிதான்.

"பதினெட்டு போட்டுட்டேம்மா. இதுக்கு மேல நம்மால ஆகாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இன்னொரு தட்டு தட்டு," என்றார் நவநீதன்.

தட்டினாள். பரத், பத்தொன்பதாயிரம். கடிகாரம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆம்பூரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பரத் வாழ்க்கையில் முதல்முறையாக ஜெயித்துவிட்டார்.

"சார், கேன்சல் பண்ணிட்டு அவருக்கே குடுத்துடலாமா?"

"லூசா நீ? இதே முத்திரையில நம்மகிட்ட இன்னும் நாலு கார்டு இருக்கு. பத்தொன்பதாயிரத்துக்குப் போச்சுன்னு ஊரே பார்த்திருக்கு." அட்டையை பூரணியின் மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

செவ்வாய்க்கிழமை உமர் ஃபாரூக் லீவு போட்டுவிட்டு நேரிலேயே வந்தார். தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை நீட்டினார்.

"ஜெயிச்சவருக்கு எழுதியிருக்கேன். அட்ரஸ் சொல்லமாட்டீங்க, தெரியும். நீயே எழுதிப் போட்டுடும்மா. அட்டை அவருகிட்டயே இருக்கட்டும். ஒரு தடவ படிக்க வுட்டா போதும்."

அவர் கை ஊன்றியிருந்த இடத்துக்குக் கீழே, ஒரு சாண் இறக்கத்தில், அட்டை கிடந்தது. பூரணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போட்டுடறேன் பாய், போன்லயும் சொல்லிப் பார்க்கறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். நவநீதன் சாப்பிடப் போனதும் அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து பரத்தின் எண்ணிலிருந்து, 'பரத், அரக்கோணம்' என்று பெயர் போட்டு அனுப்பிவிட்டாள்.

கால்மணி நேரத்தில் பதில் வந்தது.

"பரத் சார், மொத்தம் நாலே வரி. பையனுக்கு உமர்னு பேரு வைன்னு அப்பா எழுதியிருக்காரு. இத்தனை வருஷமா மாமா வச்ச பேருன்னு நினைச்சிருந்தேன். பஸ்ஸ்டாண்டுல உக்காந்து அழுதுகிட்டிருக்கேன். நீங்க நல்லா இருக்கணும்."

பூரணியும் அழுதாள். இந்த வேலைக்கு வந்தபிறகு முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டாள். முகம் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, பரத்தின் போன் நவநீதன் கையில் இருந்தது. இன்னொரு செய்தியும் வந்திருந்தது. 'அட்டையைத் தருவீங்களா? நீங்க சொல்றதுதான் விலை. பிஎஃப்ல லோன் போட்டாவது குடுத்துடறேன்.'

திட்டுவார் என்று நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"உனக்கு மூளை ஜாஸ்திதான் பூரணி! போட்டோ பார்த்தா வாங்கமாட்டாருன்னு நான்தான் தப்பா நினைச்சுட்டேன்," என்று சிரித்தார். "நாப்பதாயிரம்னு எழுது. நீதான் மரியாதையா எழுதுவே."

"என்னால முடியாது சார்."

"பரவால்ல, நானே எழுதிக்கறேன். நான் எழுதினா அம்பதுன்னு எழுதுவேன்."

பூரணி போனை வாங்கிக்கொண்டாள். நாற்பது என்று எழுதினாள்.

உமர் ஃபாரூக் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. 'சரிங்க சார். பணத்தோட அரக்கோணத்துக்கே வர்றேன். உங்க கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லணும். வீடு ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்?'

"பணம் போட்டா கூரியர்ல வரும்னு சொல்லிடு," என்றார் நவநீதன்.

பூரணி அதையும் எழுதினாள். மரியாதையாகவே எழுதினாள்.