முன்னால் நிற்க ஓர் ஆண்

1

இந்தக் கதை ஒரு பஸ் ஜன்னலில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற டவுன் பஸ். விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு ஸ்டாப்பில், சட்டை போட்ட ஓர் உருவம் கை காட்டியது. பஸ் வேகம் குறைந்தது. பிறகு நிற்காமல் போய்விட்டது. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. தையல்நாயகி என்ற பெயர் உட்பட.

2

முதல் வரிக்கு எழுதிப் பார்த்தவை:

‘நான்குவழிச் சாலை வந்தபின் தூரம் குறைந்து…’ (யாருக்கு? அடித்துவிட்டேன்.)

‘தையல்நாயகிக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ்.’ இது இருக்கட்டும். மெஷின் விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பஸ் நின்றால்தான் அவள் உயிரோடு இருப்பாள்.

3

அந்த ஸ்டாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு, பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்கள் நிறுத்துவதில்லை. அதனால் ஓர் ஆணை முன்னால் நிறுத்திவிட்டு இவர்கள் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்கள். பஸ் நின்றதும் ஓடிவந்து ஏறுவார்கள். ஊர் ஆண்கள் எல்லாரும் பைக் வாங்கிப் பறந்துவிட, மிஞ்சியவர் தையல்நாயகியின் புருஷன் விருத்தாசலம். அவருக்கு பைக் என்றாலே பயம். தை மாதம் அவரும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.*

* ஒரு வரைவில் அவரைப் பிழைக்க வைத்தேன். கதை படுத்துவிட்டது. இப்படி யோசிக்கிற என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

4

யாராவது பைக்கில் கொண்டுபோய் விடக்கூடாதா என்பீர்கள். ஒருநாள் கூட்டிப்போனார்கள், பின்சீட்டில் தலைசுற்றிச் சரிந்தாள். ஷேர் ஆட்டோ ஆள் சேராமல் கிளம்பாது. ஆள்தான் பைக்கில் போய்விட்டதே.

ஒரு டயாலிசிஸ் தவறியது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு செபஸ்தியம்மாள்தான் யோசனை சொன்னாள்.

“ஆம்பள ஒருத்தன் நிக்கலன்னா அவன் பிரேக்குல காலே வைக்க மாட்டான்க்கா. மாமா சட்ட கீதுல்ல? அத்த மாட்டிக்கினு முன்னாடி நில்லு.”

“இருந்தப்பவும் அவர வச்சிதான் ஏறினேன். செத்தப்புறமும் அவர வச்சிதான் ஏறணுமா?”

அழுதுகொண்டே புடவைமேல் சட்டையை மாட்டினாள். தலையில் துண்டைக் கட்டினாள். செபஸ்தியம்மாள் பலகைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

5

பஸ் வேகம் குறைந்தது. டிரைவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். புடவைமேல் ஆண் சட்டை, தலையில் துண்டு: மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை எடுக்கப் போகிற பொம்பளைகள் அப்படித்தான் போவார்கள். தையல்நாயகியே உடம்பு நன்றாக இருந்தவரை அப்படித்தான் போனாள். எப்படி மறந்தாளோ, பாவம். கிட்டே வந்ததும் டிரைவருக்குத் தெரிந்துவிட்டது. கியர் மாறியது.

6

முடிவு ஒன்று: அடுத்த பஸ் நிற்கிறது. (எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இரண்டு: அவள் வீங்கிய காலோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி, மூச்சு

வேண்டாம். என்னால் முடியவில்லை. அவள் அந்தச் சட்டையோடு அங்கேயே நிற்கிறாள், கதையை அதற்குமேல் நகர்த்த எனக்கு வக்கில்லை. முன்னால் நிற்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் போனால் முடிவை நீங்களே எழுதிவிடலாம்.

ஆனால் நீங்களும் காரில்தான் போவீர்கள்.